காசிமேட்டு விசைப்படகில் சரியாகக் காட்டும் ஜிபிஎஸ், தம்பு செட்டித் தெருவில் ஏன் தப்பாகக் காட்டுகிறது?

கேள்வி நீளமாக இருந்தது. சுருக்கிச் சொன்னால் இதுதான்: கேட்டவரின் மாமாவுக்குச் சென்னை காசிமேட்டில் ஒரு விசைப்படகு இருக்கிறது. அதிலுள்ள பழைய ஜிபிஎஸ் பெட்டிக்கு சிம் கிடையாது, மாதக் கட்டணம் கிடையாது. கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்திலும், போன வருடம் வலை போட்ட அதே இடத்துக்குக் கொண்டுபோய் விடுகிறது. இவரோ பாரிமுனைப் பக்கம் டெலிவரி வேலை பார்க்கிறார். புது போன்தான். ஆனால் தம்பு செட்டித் தெருவில் நின்றால் லிங்கி செட்டித் தெருவில் நிற்பதாகச் சொல்கிறது. படகில் இருப்பது ஒசத்தி, போனில் இருப்பது மட்டமா? நாம் இருக்கும் இடம் செயற்கைக்கோளுக்கு எப்படித் தெரிகிறது, அதற்கு யார் காசு கட்டுகிறார்கள், அரசாங்கம் நம்மைப் பார்த்துக்கொண்டிருக்கிறதா, நம் நாட்டு ஜிபிஎஸ்ஸான நாவிக் உள்ள போன் வாங்கினால் சரியாகிவிடுமா? கூடவே ஒரு கொசுறு: காசிமேட்டுக் கரையில் நின்றபோது ஓர் ஆப் உயரம் மைனஸ் 90 மீட்டர் என்று காட்டியதாம், அது எப்படி?

நான் படித்தது எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமோ. பிழைப்பு, படகுகளுக்கு எக்கோ சவுண்டர், வயர்லெஸ், ஜிபிஎஸ் மாட்டுவதும் ரிப்பேர் பார்ப்பதும். அதனால் பெட்டியையும் ஆன்டெனாவையும் பற்றிக் கைப்பழக்கத்தில் சொல்வேன். மேலே சுற்றுவதைப் பற்றிப் படித்துத் தெரிந்ததைச் சொல்வேன். இத்தனை கேள்விக்கும் அடியில் இருப்பது ஒரே கேள்விதான்: இடத்தைக் கணக்குப் போடுவது யார்? மேலே இருக்கும் செயற்கைக்கோளா, கையில் இருக்கும் பெட்டியா? பெட்டிதான். செயற்கைக்கோளுக்கு உங்களைத் தெரியாது. நீங்கள் ஒருவர் இருப்பதே அதற்குத் தெரியாது. வானொலி நிலையத்துக்கு யார் கேட்கிறார்கள் என்று தெரியாதல்லவா, அதே நிலைமைதான். இதைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாவற்றுக்கும் பதில் தானாக வந்துவிடும்.

அமெரிக்காவின் ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில், ஆறு பாதைகளில் சுற்றுகின்றன. ஒரு சுற்றுக்கு 12 மணி நேரத்துக்கு இரண்டு நிமிடம் குறைவு. வேலைக்குக் குறைந்தது 24 வேண்டும். இப்போது 30-க்குப் பக்கமாக ஓடுகின்றன. ஒவ்வொன்றிலும் அணுக்கடிகாரம் இருக்கிறது. அது ஓயாமல் ஒலிபரப்புவது முக்கியமாக இரண்டு சங்கதி: 'இப்போது மணி இத்தனை', 'நான் இந்தப் பாதையில் போய்க்கொண்டிருக்கிறேன்'. அவ்வளவுதான். உங்கள் அட்சரேகை, தீர்க்கரேகை எதுவும் மேலேயிருந்து வருவதில்லை.

பெட்டி செய்வது என்ன? செய்தி எப்போது கிளம்பியது என்று செய்தியிலேயே இருக்கிறது. எப்போது வந்து சேர்ந்தது என்று தன் கடிகாரத்தைப் பார்க்கிறது. நடுவில் போன நேரத்தை ஒளியின் வேகத்தால், அதாவது வினாடிக்கு 2,99,792.458 கிலோமீட்டரால், பெருக்கினால் தூரம் வந்துவிடும். செயற்கைக்கோள் நேர் உச்சியில் இருந்தால் செய்தி வந்து சேர சுமார் 67 மில்லிவினாடி ஆகும்; அடிவானத்தில் இருந்தால் 86. ஒரு செயற்கைக்கோளிலிருந்து இத்தனை தூரம் என்றால் நாம் ஒரு பெரிய உருண்டையின் மேற்பரப்பில் எங்கோ இருக்கிறோம். இரண்டாவது உருண்டை அதை வெட்டினால் ஒரு வட்டம் மிஞ்சும். மூன்றாவதும் வெட்டினால் இரண்டே புள்ளி. அதில் ஒன்று பெரும்பாலும் விண்வெளியில் எங்கேயோ கிடக்கும், அதைத் தள்ளிவிடலாம். இதுவரை பள்ளிக்கூடக் கணக்கு.

சிக்கல் கடிகாரத்தில் இருக்கிறது. மேலே இருப்பது அணுக்கடிகாரம். போனில் இருப்பது சில ரூபாய் பெறுமான குவார்ட்ஸ் படிகம். அது ஒரு மில்லிவினாடி பிசகினால் தூரம் 300 கிலோமீட்டர் பிசகும். காசிமேட்டில் நிற்கும் படகு பெங்களூரில் நிற்பதாகக் கணக்கு வரும். ஒரு மைக்ரோவினாடிக்கு 300 மீட்டர். எல்லாருடைய கையிலும் அணுக்கடிகாரம் கொடுக்க முடியாது. அதனால் செய்திருக்கும் வேலைதான் இந்த ஏற்பாட்டிலேயே எனக்குப் பிடித்தது: கடிகாரப் பிசகையும் தெரியாத ஓர் எண்ணாக வைத்துக்கொண்டார்கள். கிழக்கு மேற்கு, வடக்கு தெற்கு, உயரம், கடிகாரப் பிசகு என்று தெரியாதவை நான்கு. நான்கு செயற்கைக்கோள் கிடைத்தால் நான்கு சமன்பாடு. நான்கையும் சேர்த்துத் தீர்த்தால் இடமும் வரும், அணுக்கடிகாரத்துக்கு நெருக்கமான நேரமும் இலவசமாக வரும். இதனால்தான் குறைந்தது நான்கு செயற்கைக்கோள் வேண்டும் என்கிறார்கள். ஐந்தாவது, பத்தாவது, இருபதாவது எல்லாம் பிழையைக் குறைக்க.

இடத்தையும் நேரத்தையும் இப்படிக் கோத்துப் பார்ப்பது நம் ஊருக்குப் பழைய சமாச்சாரம். நுங்கம்பாக்கத்தில் 1792-இல் கிழக்கிந்தியக் கம்பெனி மெட்ராஸ் வானாய்வகத்தைக் கட்டியதன் காரணங்களில் ஒன்று கப்பலோட்டம். தீர்க்கரேகை ஒரு டிகிரி நகர்ந்தால் உள்ளூர் நேரம் நான்கு நிமிடம் நகரும். கப்பலின் கடிகாரம் ஒரு வினாடி தப்பினால் நம் அட்சரேகையில் 450 மீட்டர் போல இடம் தப்பும். இந்திய ரயில்கள் ரொம்ப காலம் மெட்ராஸ் நேரத்தை வைத்து ஓடியதும் அந்த வானாய்வகத்தின் தயவில்தான். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

அவ்வளவு உயரத்திலிருந்து வரும் சிக்னல் கீழே வந்து சேரும்போது எவ்வளவு இருக்கும் என்பதைச் சொன்னால்தான் தெருவில் நடப்பது புரியும். ஒரு வாட்டை நூறு கோடிக் கோடி பங்காகப் பிரித்து அதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள், ஏறக்குறைய அவ்வளவுதான். ஆன்டெனாவிலும் சர்க்யூட்டிலும் இயல்பாகவே இருக்கும் இரைச்சல் இதைவிடப் பலமானது. பொதுமக்களுக்கான பழைய சிக்னலை ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் எல்லாம் 1575.42 மெகாஹெர்ட்ஸ் (எல்1 என்று பெயர்) என்ற ஒரே அலைவரிசையில்தான் அனுப்புகின்றன. பிறகு எப்படிப் பிரித்து எடுக்கிறது? விடியற்காலை காசிமேட்டு ஏலத்துக்குப் போயிருக்கிறீர்களா? நூறு பேர் ஒரே நேரத்தில் கத்துவார்கள். ஆனால் உங்கள் ஏலக்காரர் குரல் உங்களுக்குப் பழக்கம் என்பதால் காது அதை மட்டும் பொறுக்கி எடுத்துவிடும். ஒவ்வொரு செயற்கைக்கோளுக்கும் 1,023 துண்டுகள் கொண்ட ஒரு தனிக் குறி உண்டு. மில்லிவினாடிக்கு ஒருமுறை அது திரும்பத் திரும்ப வரும். பெட்டியின் நினைவில் எல்லாக் குறியும் இருக்கிறது. தன்னிடம் உள்ள நகலை முன்னும் பின்னும் நகர்த்திப் பார்க்கிறது. எங்கே பொருந்துகிறதோ அங்கே இரைச்சலுக்குள்ளிருந்து சிக்னல் எழுந்து வருகிறது. எவ்வளவு நகர்த்த வேண்டியிருந்தது என்பதே பயண நேரத்துக்கான அளவு.

இனி காசு விஷயம். மேலே சுற்றுவதற்கான செலவு அமெரிக்க அரசினுடையது. இப்போது நடத்துவது அவர்களுடைய விண்வெளிப் படை. நீங்கள் எதையும் அனுப்புவதில்லை, கேட்கிறீர்கள், அவ்வளவே. எனவே மீட்டர் போட்டு வசூலிக்க வழியே இல்லை. ராணுவத்துக்காகத் தொடங்கியது இது. 1983 செப்டம்பரில் கொரிய விமானம் ஒன்று வழிதவறி சோவியத் வான்வெளிக்குள் போய்ச் சுட்டு வீழ்த்தப்பட்டது. அதன்பிறகுதான், வேலை முடிந்ததும் பொதுமக்களுக்கும் இலவசமாகத் தருவோம் என்று அமெரிக்க அதிபர் ரீகனின் அரசு அறிவித்தது. ஆனாலும் 2000 மே மாதத் தொடக்கம் வரை பொதுமக்களுக்கான சிக்னலில் வேண்டுமென்றே பிசகு கலந்துதான் அனுப்பினார்கள். 100 மீட்டர் வரை தப்பும். அன்று அதை நிறுத்தியதும் உலகம் முழுக்க எல்லாப் பெட்டியும் ஒரே ராத்திரியில் துல்லியமாகிவிட்டன. கார்கில் போரில் அமெரிக்கா நமக்கு ஜிபிஎஸ் தர மறுத்தது என்ற கதையை இங்கே யாராவது கொண்டுவருவார்கள். அதற்குள் நான் போகவில்லை. 1999-இல் அந்தப் பிசகு நமக்கு மட்டுமல்ல, உலகத்தில் எல்லாருக்கும் இருந்தது என்பது மட்டும் நிச்சயம்.

அரசாங்கம் பார்க்கிறதா என்றால், ஜிபிஎஸ் பெட்டியால் பார்க்க முடியாது. கேட்கும் கருவி காட்டிக்கொடுக்காது. காட்டிக்கொடுப்பது பக்கத்தில் இருக்கும் அனுப்பும் கருவி. மணலி, எண்ணூர் நெடுஞ்சாலையில் போகும் கன்டெய்னர் லாரிகளில் இருக்கும் டிராக்கரில் சிம் இருக்கும். ஜிபிஎஸ் இடத்தைக் கண்டுபிடிக்கும். சிம் அதை முதலாளிக்கு அனுப்பும். உங்கள் போனிலும் டெலிவரி ஆப் அதையேதான் செய்கிறது. படகுகளில் இப்போது அரசு மாட்டிக்கொடுக்கும் டிரான்ஸ்பாண்டர் வேறு வகை. அது இடத்தை ஒரு செயற்கைக்கோள் கூட்டத்திடம் கேட்டுக் கணக்கிட்டு, வேறொரு தகவல் தொடர்புச் செயற்கைக்கோள் வழியாகக் கரைக்கு அனுப்புகிறது. ஆபத்து என்றால் பொத்தானை அழுத்தலாம். உங்கள் மாமாவின் பழைய பெட்டி இதில் சேராது.

இப்போது தம்பு செட்டித் தெரு. கடலில் நின்று சுற்றிப் பார்த்தால் வானம் முழு அரைக்கோளமாகத் தெரியும். எந்தத் திசையில் இருக்கும் செயற்கைக்கோளும் பெட்டிக்கு நேராகத் தெரியும். ஜார்ஜ் டவுனில் தம்பு செட்டித் தெருவும் லிங்கி செட்டித் தெருவும் அடுத்தடுத்து வடக்கு தெற்காக ஓடுகின்றன. இரண்டு பக்கமும் நாலு மாடி, ஐந்து மாடி. நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தால் வடக்கு தெற்காக ஒரு கீற்று வானம்தான் தெரியும். கிழக்கிலும் மேற்கிலும் தாழ்வாக இருக்கும் செயற்கைக்கோள்களைச் சுவர் மறைத்துவிடும். கிழக்கு மேற்கு நிலையைக் கறாராகச் சொல்லக்கூடியவை அந்தச் செயற்கைக்கோள்கள்தான். அவை போய்விட்டால், தெருவின் நீளவாக்கில் நீங்கள் இருக்கும் இடம் ஓரளவு சரியாக வரும். தெருவுக்குக் குறுக்கே தடுமாறும். குறுக்கே தடுமாறினால் எங்கே போய் விழும்? அடுத்த தெருவில்தான். உங்கள் புள்ளி தெருவின் கோடிக்குத் தாவாமல், சரியாகப் பக்கத்துத் தெருவுக்கு மட்டும் தாவுவதன் காரணம் இதுதான். கிழக்கு மேற்காக ஓடும் சந்துக்குள் நின்றால் இதே பிசகு வடக்கு தெற்காக விழும், முயன்று பாருங்கள்.

மறைப்பது ஒரு பாதி. இன்னொரு பாதி எதிரொலிப்பு. கிழக்கே இருக்கும் செயற்கைக்கோளைக் கிழக்குப் பக்கக் கட்டடம் மறைக்கிறது. ஆனால் அதன் சிக்னல் மேற்குப் பக்கச் சுவரிலும் கண்ணாடியிலும் பட்டுத் திரும்பி உங்கள் போனுக்கு வந்துவிடுகிறது. போனுக்குச் சந்தோஷம், ஒரு செயற்கைக்கோள் கூடுதலாகக் கிடைத்தது என்று எடுத்துக்கொள்கிறது. ஆனால் வந்த வழி சுற்றுவழி. 40 மீட்டர் கூடுதலாகச் சுற்றி வந்திருந்தால், அந்தச் செயற்கைக்கோள் 40 மீட்டர் தள்ளி இருப்பதாகக் கணக்கு போகும். கணக்கில் தப்பே இல்லை, கொடுத்த எண்தான் தப்பு. துறைமுகத்துக்குள் அடுக்கி வைத்த கன்டெய்னர்களுக்கு நடுவிலும், கிரேன் அடியிலும் இதே கதைதான். அங்கே இரும்புச் சுவர் என்பதால் இன்னும் மோசம்.

அதனால் படகில் இருப்பது ஒசத்தி, போனில் இருப்பது மட்டம் என்பது சரியில்லை. உள்ளிருக்கும் சிப்பை மட்டும் பார்த்தால் உங்கள் புது போனில் இருப்பது மாமாவின் பெட்டியைவிடப் பல மடங்கு கெட்டிக்காரத்தனமானது. ஜிபிஎஸ் தவிர ரஷ்யாவின் குளோனாஸ், ஐரோப்பாவின் கலிலியோ, சீனாவின் பெய்டோ எல்லாவற்றையும் சேர்த்துக் கேட்கும். பழைய பெட்டி பெரும்பாலும் ஜிபிஎஸ் மட்டும்தான் கேட்கும். ஆனால் ஆன்டெனா விஷயத்தில் படகு ஜெயிக்கிறது. கேபின் மேல் வெள்ளைக் காளான் போல நிற்கிறதே, அது முழுக்க வானத்தைப் பார்ப்பதற்கென்றே செய்தது. போனின் ஆன்டெனா ஓரத்தில் ஒளிந்திருக்கும் ஒரு சின்னத் தகடு. அதை நீங்கள் சட்டைப் பையிலோ வண்டியின் ஹோல்டரிலோ வைத்து, மேலே குனிந்தும் நிற்கிறீர்கள். திறந்த வெளியில் போன் சுமார் 5 மீட்டருக்குள் சொல்லிவிடும். மெரினா மணலில் போய் நின்று பாருங்கள், உங்கள் போனும் படகுப் பெட்டி மாதிரிதான் நடந்துகொள்ளும்.

போன் இன்னொரு காரியமும் செய்கிறது, அது நன்மையும் உண்டு, குழப்பமும் உண்டு. செயற்கைக்கோளின் பாதை விவரத்தைச் சிக்னலிலிருந்தே எடுக்க வேண்டுமென்றால் பொறுமை வேண்டும். வினாடிக்கு 50 பிட் வேகத்தில்தான் அது வருகிறது. ஒரு செயற்கைக்கோளின் விவரத்துக்கே 30 வினாடி தடையில்லாமல் கேட்க வேண்டும். போன் அந்த விவரத்தை இணையத்தில் இறக்கிக்கொள்வதால் சட்டென்று இடத்தைப் பிடிக்கிறது. அப்புறம் பக்கத்திலுள்ள டவர், வைஃபை பெட்டிகளின் பெயர்களையும் பார்த்து இடத்தை ஊகிக்கிறது. மண்ணடி மெட்ரோ நிலையத்தில் பூமிக்கு அடியில் நிற்கும்போதும் நீலப்புள்ளி தெரிகிறதே, அது இந்த ஊகம்தான். அங்கே எந்தச் செயற்கைக்கோளும் எட்டிப் பார்க்காது. வண்டி ஓட்டும்போது மேப் ஆப் உங்களை ஏதாவது ஒரு சாலையின் மேல் இழுத்து உட்காரவைக்கவும் செய்யும். 15 மீட்டர் பிசகை அது பக்கத்துத் தெருவாக மாற்றிவிடக்கூடும். எனவே உங்கள் தொல்லையில் எத்தனை பங்கு சுவர், எத்தனை பங்கு ஆப்பின் இழுப்பு என்று இங்கே உட்கார்ந்து பிரித்துச் சொல்ல முடியாது. வாடிக்கையாளர் மேப்பில் தன் இடத்தைக் காட்டும் பின்னைத் தப்பாகக் குத்தியிருந்தால் அது மூன்றாவது. அதைச் சோதிக்கும் வழியைக் கடைசியில் சொல்கிறேன்.

படகுப் பெட்டி தப்பே செய்யாது என்றும் மாமாவிடம் சொல்லிவிடாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் படகைக் கரையேற்றிப் பெயின்ட் அடிப்பார்கள். ஜூன் நடுவில் எனக்கு போன் மேல் போன் வரும், 'ஜிபிஎஸ் செத்துப்போச்சு' என்று. போய்ப் பார்த்தால் பெட்டியில் ஒரு கோளாறும் இருக்காது. திரையில் செயற்கைக்கோள் பக்கத்தைத் திறந்தால், சிக்னல் பலத்தைக் காட்டும் கம்பிகள் எல்லாம் தரையோடு கிடக்கும். கேபின் மேல் ஏறினால், காளானுக்கும் சேர்த்து அலுமினியப் பெயின்ட் பளபளவென்று அடித்திருப்பார்கள். உலோகத்தூள் கலந்த பெயின்ட் என்றால், அவ்வளவு சன்னமான சிக்னலுக்கு அது போர்வை. சுரண்டி எடுத்தால் பத்து நிமிடத்தில் கம்பிகள் எழும். அடுத்த சந்தேக இடம் கேபிள் மூட்டு. உப்புத் தண்ணீர் புகுந்து உள்ளே பச்சை பூத்திருக்கும். ஒரு சுண்டு சுண்டினால் செம்பு பொடியாக உதிரும். மூன்றாவது, பெட்டிக்குள் இருக்கும் சின்ன பேட்டரி. அது செத்திருந்தால் பெட்டி தேதி, நேரம், எந்தச் செயற்கைக்கோள் எங்கே என்ற அட்டவணை எல்லாவற்றையும் மறந்துவிடும். அந்த அட்டவணை முழுதாக மேலேயிருந்து இறங்க 12.5 நிமிடம் ஆகும். அதற்குள் சுவிட்சை அணைத்து அணைத்துப் போட்டால் ஆரம்பத்திலிருந்து தொடங்கும். திறந்த வானத்தில் அரை மணி நேரம் அப்படியே விட்டுவிடுங்கள் என்றால் யாரும் நம்புவதில்லை.

தேதி பற்றி ஒன்று. ஜிபிஎஸ் வாரக்கணக்கில் தேதியை எண்ணுகிறது. பழைய முறையில் வாரத்துக்கு ஒதுக்கிய இடம் 10 பிட், அதாவது 1,024 வாரம் ஆனதும் திரும்பச் சுழியத்துக்கு வந்துவிடும். உலகப் பொது நேரப்படி 2019 ஏப்ரல் 6 இரவு அப்படி ஒருமுறை சுழன்றது. உடனே சில பழைய பெட்டிகள் 1999-ஆம் வருடத் தேதியைக் காட்டத் தொடங்கின. இடம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும், தேதி மட்டும் இருபது வருடம் பின்னால் நிற்கும். இதற்காகப் பெட்டியைத் தூக்கிப் போட வேண்டியதில்லை.

கடலிலும் தெருவிலும் பொதுவான ஒரு பிசகு மேலே அயனமண்டலத்தில் இருக்கிறது. அங்கே மின்னேற்றம் கொண்ட துகள்கள் சிக்னலைத் தாமதப்படுத்துகின்றன. சில மீட்டரிலிருந்து பல பத்து மீட்டர் வரை போகலாம். பெட்டி ஒரு சராசரிக் கணக்கை வைத்து அதில் பாதியைப் போலத் திருத்திக்கொள்ளும். நமக்கு இது கொஞ்சம் கூடுதல் தலைவலி. காந்த நடுக்கோடு நமக்குத் தெற்கே, திருநெல்வேலிப் பக்கமாகக் கடக்கிறது. அதையொட்டிய பகுதிகளில் சூரியன் மறைந்த பிறகு அயனமண்டலம் கொந்தளிக்கும். அப்போது சிக்னல் மினுக்கும், சில செயற்கைக்கோள் கொஞ்ச நேரம் கைவிட்டுப் போகும். மார்ச் ஏப்ரலிலும் செப்டம்பர் அக்டோபரிலும், சூரியன் மும்முரமாக இருக்கும் வருடங்களிலும் அதிகம். ராத்திரி எட்டு மணிக்குக் கம்பிகள் தாண்டவமாடின, பதினொன்றுக்குத் தானாகச் சரியானது என்று டிரைவர்கள் சொன்னால் நான் பெட்டியைத் திறப்பதில்லை. ஐன்ஸ்டைனின் சார்பியல் கதையையும் எல்லாரும் எழுதுவார்கள். மேலே உள்ள கடிகாரம் நாளுக்கு 38 மைக்ரோவினாடி வேகமாக ஓடும், திருத்தாவிட்டால் 11 கிலோமீட்டர் தப்பும் என்று. 38 என்பது உறுதி. அதற்காகக் கடிகாரத்தைக் கிளம்பும் முன்பே சற்று மெதுவாக வைத்துத்தான் அனுப்புகிறார்கள். 11 கிலோமீட்டர் என்பது தூர அளவில் ஒரு நாளில் சேரும் பிசகு. எல்லாக் கடிகாரமும் ஒரே அளவில் தப்பினால் அதில் பெரும்பகுதி அந்த நான்காவது எண்ணிலேயே கரைந்துவிடும். எனவே திருத்தாவிட்டால் மறுநாளே படகு எண்ணூரைத் தாண்டி நிற்கும் என்று யாராவது சொன்னால் அப்படியே நம்ப வேண்டாம்.

நாவிக் விஷயத்துக்கு வருவோம். நம் ஊர்க்காரர்களுக்கு அதில் ஒரு தனிப் பாசம் உண்டு. ஸ்ரீஹரிகோட்டா வடக்கே கூப்பிடு தூரம் என்பதால் வானம் தெளிவாக இருந்தால் மொட்டை மாடியிலிருந்தே ராக்கெட் ஏறுவது தெரியும். திட்டப்படி ஏழு செயற்கைக்கோள், எல்லாம் சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில், இந்தியாவுக்கு மேலேயே சுற்றிச் சுற்றி நிற்கும்படி. முதலாவது 2013 ஜூலையில் போனது. தொல்லை கொடுத்தது கடிகாரம்தான். முதல் செயற்கைக்கோளில் இருந்த மூன்று ருபிடியம் அணுக்கடிகாரமும் செயலிழந்தன. அதற்கு மாற்றாக 2017 ஆகஸ்டில் அனுப்பியது வெப்பக்கவசம் கழலாமல் வீணானது. 2023 மே மாதம் என்விஎஸ்-01 உள்நாட்டு அணுக்கடிகாரத்துடன் போனது. போன்களுக்குத் தோதான எல்1 அலைவரிசையும் அதில்தான் முதலில் வந்தது. 2025 ஜனவரியில் போன என்விஎஸ்-02 வால்வு திறக்காததால் சேர வேண்டிய பாதைக்குப் போய்ச் சேரவில்லை. ஆக, நாவிக்கை மட்டும் நம்பி இடம் காண்பது இன்றைக்கு ஆகிற காரியம் இல்லை. ஆனால் துணைக்கு வருவது நல்லதுதான். அதில் 83 டிகிரி கிழக்கில் ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். அங்கே நிற்கும் செயற்கைக்கோள் சென்னையிலிருந்து பார்த்தால் கிட்டத்தட்ட 75 டிகிரி உயரத்தில், ஏறக்குறைய உச்சியில் இருக்கும். தம்பு செட்டித் தெருவின் கீற்று வானத்திலும் மறையாது. இருந்தும் அது ஒன்று உச்சியில் இருப்பதால் கிழக்கு மேற்குத் தடுமாற்றம் தீர்ந்துவிடாது.

போன் வாங்கும்போது நான் பார்க்கச் சொல்வது வேறு: எல்1 கூடவே எல்5 என்ற இன்னொரு அலைவரிசையும் எடுக்குமா என்பது. எல்5-இன் குறி பத்து மடங்கு வேகமாக ஓடுகிறது. பழைய குறியில் ஒரு துண்டின் நீளம் தூரக் கணக்கில் 293 மீட்டர், எல்5-இல் 29 மீட்டர். துண்டு சிறியதாக இருந்தால் நேராக வந்ததையும் சுவரில் பட்டு வந்ததையும் பிரித்துப் பார்ப்பது சுலபம். அலைவரிசை இரண்டு இருப்பதால் அயனமண்டலத் தாமதத்தையும் அளந்து கழிக்கலாம். சந்துக்குள் நேர் சிக்னலே இல்லாமல் எதிரொலி மட்டும் வந்தால் எல்5 கூட ஏமாறும்; அது மந்திரம் இல்லை.

அந்த மைனஸ் 90 மீட்டர் ஆப்பின் கோளாறு இல்லை, ரொம்ப நேர்மையான விடை. ஜிபிஎஸ் உயரத்தை அளப்பது கடல்மட்டத்திலிருந்து கிடையாது. பூமியை ஒரு வழவழப்பான நீள்வட்ட உருண்டையாக வைத்துக்கொண்டு அதிலிருந்து அளக்கிறது. உண்மைக் கடல்மட்டம் ஈர்ப்பு விசைக்குத் தக்கபடி மேடும் பள்ளமுமாக இருக்கும். உலகத்திலேயே ஆழமான பள்ளம் இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில், 106 மீட்டர். அதன் சரிவில்தான் நாம் இருக்கிறோம். சென்னைக் கடல்மட்டம் அந்தக் கற்பனை உருண்டைக்கு ஏறக்குறைய 90 மீட்டர் கீழே இருக்கிறது. படகுப் பெட்டி தன்னிடமுள்ள அட்டவணையைக் கொண்டு அதைக் கூட்டி சுழியத்துக்குப் பக்கமாகக் காட்டும். உங்கள் ஆப் கூட்டாமல் அப்படியே காட்டியிருக்கிறது.

சோதனை இப்படிச் செய்யுங்கள். செயற்கைக்கோள் கம்பிகளைக் காட்டும் இலவச ஆப் ஏதாவது ஒன்றை இறக்கி, வைஃபையை அணைத்துவிட்டு, தம்பு செட்டித் தெருவில் வழக்கமாகத் தப்பும் இடத்தில் இரண்டு நிமிடம் போனை வானம் பார்க்கப் பிடியுங்கள். அந்த ஆப் சொல்லும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்ணை எழுதி, வீட்டுக்கு வந்து மேப்பில் போட்டுப் பாருங்கள். எண் சரியான தெருவில் விழுந்தால் குற்றவாளி டெலிவரி ஆப்பின் இழுப்போ வாடிக்கையாளரின் பின்னோ. எண்ணே பக்கத்துத் தெருவில் விழுந்தால் சுவர். சுவருக்கு மருந்து, தெருமுனை கூடும் இடத்தில், நாலு பக்கமும் வானம் தெரியும்படி நின்று இடம் பிடித்துக்கொண்டு, மிச்சத்தைக் கதவு எண் பார்த்து நடப்பதுதான்.

மாமாவுக்கு போனிலிருந்து ஏதாவது இடத்தை எழுதிக் கொடுப்பதாக இருந்தால் எழுதும் முறையைப் பாருங்கள். போன் பெரும்பாலும் டிகிரியைத் தசமத்தில் தரும். காசிமேடு என்றால் ஏறத்தாழ 13.125. படகுப் பெட்டியில் பெரும்பாலும் டிகிரியும் தசம மினிட்டும் வைத்திருப்பார்கள். அதே இடம் அங்கே 13 டிகிரி 07.500 மினிட். பெட்டியிலுள்ள 07.5 மினிட்டை 13.075 என்று போனில் போட்டால் ஐந்தரை கிலோமீட்டர் தெற்கே போய்விடுவீர்கள். ஏழு மினிட் ஐம்பது செகண்ட் என்று படித்தால் 600 மீட்டர் வடக்கே. மாற்றுவது சுலபம்: புள்ளிக்குப் பின்னால் உள்ளதை 60-ஆல் பெருக்கினால் மினிட் வந்துவிடும். 0.125-ஐ 60-ஆல் பெருக்கிப் பாருங்கள், 7.5. வடக்கு எண்ணுக்கும் கிழக்கு எண்ணுக்கும் தனித்தனியாக இதைச் செய்து, பக்கத்தில் 'மினிட்' என்று எழுதியே கொடுங்கள்.